மென்தசைச் செல்லை நுண்ணோக்கியில் படிப்பது எப்படி?

குடல், இரத்தக்குழாய் போன்றவற்றின் சுவரில் இருக்கும் தசைதான் மென்தசை. பாடநூலில் மென்தசைச் செல்லின் படம் மிகத் தெளிவாக இருக்கும். இரு முனையும் கூர்ந்த நீண்ட செல், நடுவில் ஒரே ஒரு உட்கரு, குறுக்கும் நெடுக்குமாக இழைகள், அங்கங்கே கருப்புப் புள்ளிகள். அதை எதிர்பார்த்து ஸ்லைடைப் பார்த்தால் இளஞ்சிவப்பாக ஒரு பரப்பும், அதில் சிதறிய ஊதாக் கோடுகளும்தான் தெரியும். ஒரு செல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடாது. இதில் உங்கள் கண்ணையோ ஸ்லைடையோ குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஒளி நுண்ணோக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கி, உயிர்வேதியியல் சோதனை ஆகிய மூன்றிலும் கிடைத்ததைச் சேர்த்து வரைந்த படம் அது. மொத்தமும் ஒரே பார்வையில் யாருக்கும் கிடைத்ததில்லை.

அதனால் எது கண்ணால் பார்க்கக்கூடியது, எது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. தேவைப்படுவது அதிகமில்லை. 4, 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸ்கள் உள்ள சாதாரணக் கூட்டு நுண்ணோக்கி, ஹீமாடாக்சிலின் ஈயோசின் சாயமிட்ட ஸ்லைடு (உட்கரு ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்), பென்சில், தாள், இவை போதும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மென்தசையைப் பொறுத்தவரை அது புதிதாகக் காட்டுவது குறைவு.

முதல் படி: சிறுகுடலின் குறுக்குவெட்டை எடுங்கள்

மென்தசை உடலில் பல இடங்களில் உண்டு. உணவுப்பாதையின் சுவர், இரத்தக்குழாய், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை, கருப்பை, கண்ணின் பாவையைச் சுருக்கி விரிக்கும் தசைகள், மயிர்க்கூச்செறிய வைக்கும் சின்னத் தசை என்று பட்டியல் நீளும். எதை வேண்டுமானாலும் எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் தொடக்கத்துக்குச் சிறுகுடலை விட நல்ல ஸ்லைடு இல்லை. அங்கே தசை இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் அமைந்திருக்கிறது. ஒரே ஸ்லைடில் செல்லை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்த்துவிடலாம். கருப்பையில் தசைக் கற்றைகள் எல்லாப் பக்கமும் ஓடும். தமனியில் செல்கள் சிறியவை, மீள்நார்த் தகடுகளுக்கு நடுவே அடைபட்டும் கிடக்கும். அவை இரண்டும் பிறகு.

இரண்டாம் படி: 4 மடங்கில் இடம் அறியுங்கள்

40 மடங்குக்குத் தாவும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் 4 மடங்கு லென்ஸில் குடலின் உட்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் உள்ள பக்கம் உட்பக்கம். அங்கிருந்து வெளியே வந்தால் சளிச்சவ்வு, அப்புறம் வெளிறிய, தளர்வான சப்மியூகோசா, அதற்கு வெளியே அழுத்தமான இளஞ்சிவப்பில் ஒரு தடித்த பட்டை. அந்தப் பட்டைதான் நம் இலக்கு. அதற்கும் வெளியே மெல்லிய சீரோசா உறை இருக்கும்.

சளிச்சவ்வுக்கும் சப்மியூகோசாவுக்கும் நடுவிலும் ஒரு மெல்லிய மென்தசை அடுக்கு உண்டு. ஒருசில செல்கள் தடிமன்தான் இருக்கும். இப்போதைக்கு அதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

மூன்றாம் படி: 10 மடங்கில், எந்தத் திசையில் வெட்டியது என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். புதியவர்களின் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

தடித்த பட்டையை 10 மடங்கில் பார்த்தால் அது இரண்டாகப் பிரியும். உள்ளடுக்கில் நீண்ட ஊதா உட்கருக்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். வெளியடுக்கில் நீண்டது எதுவுமே தெரியாது. சின்னச் சின்ன இளஞ்சிவப்பு வட்டங்கள், சிலவற்றுக்குள் ஊதாப் புள்ளி. இரண்டும் வேறு வேறு திசு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வகைச் செல்தான், வெட்டுப்பட்ட திசை மட்டும் வேறு.

உள்ளடுக்கின் செல்கள் குடலைச் சுற்றி வளைந்து ஓடுகின்றன. குடலைக் குறுக்கே வெட்டும்போது கத்தி அந்தச் செல்களின் நீளத்தோடேயே போகிறது. அதனால் அவை நீள்வெட்டாகத் தெரிகின்றன. வெளியடுக்கின் செல்கள் குடலின் நீளத்துக்கு ஓடுபவை. கத்தி அவற்றைக் குறுக்கே அறுத்துவிடுகிறது. அதாவது, உறுப்பின் குறுக்குவெட்டில் ஒரு அடுக்கு நீள்வெட்டு, மற்றது குறுக்குவெட்டு. குடலையே நீளவாக்கில் வெட்டிய ஸ்லைடு கிடைத்தால் எல்லாம் தலைகீழாகும். ஸ்லைடின் சீட்டில் எழுதியிருப்பது உறுப்பை வெட்டிய திசை. செல்லின் திசையை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும்.

இரண்டு அடுக்குக்கும் நடுவில் அங்கங்கே வெளிறிய சிறு கூட்டங்கள் தென்படும். பெரிய வட்ட உட்கரு, அதற்குள் பளிச்சென்ற ஒரு உட்கருமணி. இவை நரம்புச் செல்கள். 19ஆம் நூற்றாண்டில் லியோபோல்ட் ஆவர்பாக் விவரித்ததால் ஆவர்பாக் பின்னல் என்று பெயர். தசைப் பட்டையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் எல்லைக்கல்லாக இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நான்காம் படி: 40 மடங்கில் நீள்வெட்டு

இப்போது உள்ளடுக்குக்குப் போங்கள். மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் டயாஃப்ரத்தைக் கொஞ்சம் மூடிக்கொண்டால் வேறுபாடு கூடித் தெரியும். நுண் திருகைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெல்ல முன்னும் பின்னும் திருப்புங்கள்.

முதலில் உட்கருவைத் தேடுங்கள். செல்லின் எல்லையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஹீமாடாக்சிலின், ஈயோசின் சாயத்தில் பக்கத்துப் பக்கத்துச் செல்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். உட்கரு மட்டும் தெளிவாக இருக்கும். நீண்டது, முனைகள் மழுங்கியது, செல்லின் நீளத்துக்கு இணையாகப் படுத்திருப்பது. அதன் உட்பகுதி ஓரளவு வெளிறியே இருக்கும். நல்ல ஸ்லைடாக இருந்தால் உள்ளே ஒன்றிரண்டு உட்கருமணிகளும் தெரியும். ஒரு செல்லுக்கு ஒரே உட்கரு, அதுவும் செல்லின் தடித்த நடுப்பகுதியில். உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் ஒரே சீரான இளஞ்சிவப்பு. குறுக்கு வரிகளைத் தேடிப் பாருங்கள், இருக்காது. வரியற்ற தசை என்ற பெயர் இதனால்தான்.

உட்கருக்கள் ஒரே வரிசையில் அணிவகுக்காமல் முன்பின்னாக இருப்பதையும் கவனியுங்கள். ஒரு செல்லின் தடித்த நடுப்பகுதிக்குப் பக்கத்தில் அடுத்த செல்லின் மெலிந்த முனை வந்து பொருந்துகிறது. இப்படி அடுக்கினால்தான் இரு முனையும் கூர்ந்த செல்களை இடைவெளி இல்லாமல் நெருக்க முடியும். உட்கரு நடுவில்தான் இருக்கும் என்பதால், உட்கருக்கள் முன்பின்னாக இருந்தால் செல்களும் முன்பின்னாக இருக்கின்றன என்று பொருள். எல்லை தெரியாமலேயே செல்லின் அடுக்குமுறையை இப்படிப் படித்துவிடலாம்.

சில உட்கருக்கள் நேராக இல்லாமல் திருகிச் சுருண்டிருக்கும். செல் சுருங்கிய நிலையில் பதப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். காரணத்தைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

ஐந்தாம் படி: குறுக்குவெட்டு, அதிலுள்ள கணக்கு

வெளியடுக்குக்கு நகருங்கள். வட்டங்களும், நெருக்கத்தால் பல கோணமாக அமுங்கிய வடிவங்களும் தெரியும். இரண்டு விஷயங்கள் உடனே கண்ணை உறுத்தும். எல்லா வட்டமும் ஒரே அளவில் இல்லை. பெரும்பாலானவற்றில் உட்கருவே இல்லை.

இரு முனையும் சீவிய பென்சில்களை முன்பின்னாக ஒரு கட்டாகக் கட்டி நடுவே அறுத்தால் என்ன தெரியும்? சில பென்சில்கள் முழுப் பருமனில் அறுபடும், சில முனையருகே அறுபடும். அதே கதைதான் இங்கேயும். பெரிய வட்டம் செல்லின் நடுப்பகுதி, சின்ன வட்டம் முனைப்பகுதி. உட்கரு நடுப்பகுதியில் மட்டும் இருப்பதால் பெரிய வட்டங்களில் சிலவற்றில்தான் அது அகப்படும்.

எத்தனையில் அகப்படும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். செல் 200 மைக்ரான் நீளம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), உட்கரு 20 மைக்ரான் நீளம் என்று வைத்துக்கொள்வோம். செல்லை ஏதோ ஒரு இடத்தில் அறுத்தால் அந்த இடம் உட்கருவாக இருப்பதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு. ஸ்லைடின் சீவலுக்கும் தடிமன் உண்டு. 5 மைக்ரான் என்று கொண்டால் வாய்ப்பு சற்றுக் கூடி எட்டில் ஒன்று ஆகும். ஆக, எட்டு வட்டத்தில் ஏழு காலியாக இருந்தால் அது பழுதான ஸ்லைடு இல்லை, சரியான ஸ்லைடு.

இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. உட்கரு உள்ள வட்டம் பெரிதாகவும், உட்கரு ஏறக்குறைய அதன் மையத்திலும் இருக்க வேண்டும். மிகச் சின்னதாகத் தெரியும் ஒரு துணுக்கில் அடர்ந்த உட்கரு இருந்தால் அதைத் தசைச் செல் என்று சொல்ல அவசரப்படாதீர்கள். தசைச் செல்களுக்கு இடையில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்டாகவோ (நார்களைச் சுரக்கும் செல்) வேறு இடைச் செல்லாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆறாம் படி: அளந்து பாருங்கள்

அளவுகோல் பொருத்திய கண்ணருகு லென்ஸ் இல்லாவிட்டாலும் அளக்கலாம். கண்ணருகு லென்ஸின் மேல் பெருக்கத்தோடு இன்னொரு எண்ணும் பொறித்திருக்கும், 18 அல்லது 20 என்று. அது புல எண். அதைப் பொருளருகு லென்ஸின் பெருக்கத்தால் வகுத்தால் பார்வைப்புலத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். புல எண் 20, லென்ஸ் 40 மடங்கு என்றால் விட்டம் 0.5 மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான்.

இன்னும் எளிய வழி, பக்கத்தில் உள்ள இரத்தக்குழாயில் ஒரு சிவப்பணுவைப் பிடிப்பது. அது சுமார் 7 மைக்ரான். குடலின் மென்தசைச் செல்லின் நடுப்பருமன் ஏறக்குறைய அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும். பாரஃபின் மெழுகில் பதிக்கும்போது திசு சுருங்கும், ஆகவே நீங்கள் அளப்பது உயிருள்ள செல்லின் அளவை விடக் குறைவாகவே இருக்கும்.

நீளம் இடத்துக்கு இடம் மாறும். சிறிய இரத்தக்குழாயின் சுவரில் 20 மைக்ரான் அளவு, குடலில் 200 மைக்ரான் அளவு, கருவுற்ற கருப்பையில் 500 மைக்ரான் வரை. கருவுற்ற காலத்தில் கருப்பைச் சுவர் வளர்வதில் பெரும்பங்கு, இருக்கும் செல்களே நீண்டு பருப்பதால் வருவது; புதிய செல்கள் உருவாவதும் உண்டு.

இங்கே ஒரு கேள்வி வரும். 200 மைக்ரான் செல், 500 மைக்ரான் புலம். அப்படியானால் ஒரு முழுச் செல்லை முனையிலிருந்து முனை வரை பார்க்க முடிய வேண்டுமே? பெரும்பாலும் முடியாது. சீவல் 5 மைக்ரான்தான், செல் அதை விடப் பருமன். தவிர, செல் சீவலின் தளத்திலேயே நேராகப் படுத்திருப்பதில்லை. லேசாகச் சாய்ந்தாலும் பாதியில் தளத்தை விட்டு வெளியேறிவிடும். அப்படியானால் முழு வடிவம் எப்படித் தெரியவந்தது? திசுவை வெட்டாமல் பிரித்ததால். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த உடற்கூறியலாளர் ஆல்பர்ட் கோலிக்கர், 1840களின் பிற்பகுதியில், இந்தத் தசை தனித்தனியான, நீண்ட, ஒற்றை உட்கரு உள்ள செல்களால் ஆனது என்று பிரித்தெடுத்துக் காட்டினார். பாடநூல் படத்தின் வெளிக்கோடு அந்த வழியில் வந்தது.

ஏழாம் படி: போலிகளைக் கழியுங்கள்

எலும்புத் தசையும் இதயத் தசையும் பெரிய தொல்லை தராது. எலும்புத் தசை நார் மிகப் பருமன், 10 முதல் 100 மைக்ரான் வரை. உட்கருக்கள் பல, எல்லாம் விளிம்பில். குறுக்கு வரிகளும் தெரியும். இதயத் தசையில் உட்கரு நடுவில்தான் இருக்கும், ஆனால் செல்கள் கிளைக்கும், வரிகள் இருக்கும், செல்கள் சேரும் இடத்தில் அடர்ந்த குறுக்குத் தட்டுகளும் இருக்கும்.

உண்மையான போலிகள் இரண்டு: அடர்ந்த கொலாஜன் திசு, நரம்பு. மூன்றுமே இளஞ்சிவப்பு, மூன்றிலும் நீண்ட உட்கருக்கள்.

கொலாஜனோடு ஒப்பிடும்போது ஒரே கேள்வி போதும்: உட்கரு இளஞ்சிவப்புப் பொருளுக்கு உள்ளே இருக்கிறதா, இடையில் இருக்கிறதா? மென்தசையில் இளஞ்சிவப்பு என்பது செல்லின் சைட்டோபிளாசம், ஆகவே உட்கரு அதற்குள் இருக்கும். கொலாஜனில் இளஞ்சிவப்பு என்பது செல்லுக்கு வெளியே உள்ள நார், ஆகவே ஃபைப்ரோபிளாஸ்டின் உட்கரு நார்களுக்கு இடுக்கில் நசுங்கி, மெலிந்து, அடர்ந்து, கூரிய முனையோடு இருக்கும். எண்ணிக்கையும் குறைவு. நிறத்திலும் சின்ன வேறுபாடு உண்டு. தசையின் இளஞ்சிவப்பில் ஊதாச் சாயல் கொஞ்சம் கலந்திருக்கும், கொலாஜன் வெளிறித் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சாயமிடுபவருக்குச் சாயமிடுபவர் அது மாறும்.

நரம்பு அலை அலையாக நெளிந்து ஓடும், வெளிறியிருக்கும், உட்கருக்கள் மெலிந்து அந்த நெளிவோடேயே வளைந்திருக்கும். சிறு கற்றை என்றாலும் சுற்றி ஒரு உறை தெரியும். சுருங்கிய மென்தசையும் நெளிந்து தெரியலாம் என்பதால் நெளிவை மட்டும் சாட்சியாக எடுக்காமல் உறையையும் தேடுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் வேறு சாயம் இருக்கிறது. மேசன் ட்ரைக்ரோம் சாயத்தில் தசை சிவப்பு, கொலாஜன் நீலம் அல்லது பச்சை. வான் கீசன் சாயத்தில் கொலாஜன் சிவப்பு, தசை மஞ்சள். ஒன்றில் தசை சிவப்பு, மற்றதில் கொலாஜன் சிவப்பு. எந்தச் சாயம் என்று சீட்டைப் படிக்காமல் சிவப்பைக் கண்டதும் தசை என்று எழுதிவிட்டால் அவ்வளவுதான். நோய்க்கூறு ஆய்வகங்களில் எதிர்ப்பொருள் கொண்டு சாயமிடும் முறையும் உண்டு. மென்தசை ஆக்டின், டெஸ்மின், கால்டெஸ்மான் போன்ற புரதங்களைத் தேடுவார்கள். எதுவும் தனித்து முழுத் தீர்ப்பு சொல்வதில்லை. மென்தசை ஆக்டின், சுருங்கும் திறன் பெற்ற ஃபைப்ரோபிளாஸ்டான மயோஃபைப்ரோபிளாஸ்டிலும் சுரப்பிகளைச் சூழ்ந்த மயோஎபிதீலியச் செல்லிலும் இருக்கும். டெஸ்மின் மூன்று வகைத் தசையிலும் இருக்கும். அதனால்தான் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

எட்டாம் படி: ஒளி நுண்ணோக்கி நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய 0.2 மைக்ரான், அதாவது 200 நானோமீட்டர். மென்தசைச் செல்லுக்குள் இருக்கும் புரத இழைகளின் பருமனைப் பாருங்கள்: மயோசின் தடித்த இழை சுமார் 15 நானோமீட்டர், ஆக்டின் மெல்லிய இழை சுமார் 7, இடைநிலை இழை சுமார் 10. எந்த லென்ஸைப் போட்டாலும் தனி இழை தெரியப்போவதில்லை. ஸ்லைடைப் பார்த்து வரையும் படத்தில் இழைகளை வரைந்து வைப்பது நேர்மையான வேலை இல்லை என்று சொல்வேன்.

அப்படியானால் எலும்புத் தசையின் வரிகள் மட்டும் எப்படித் தெரிகின்றன? அங்கேயும் இழைகள் அதே பருமன்தானே? அங்கே இழைகள் சார்கோமியர் என்ற அலகுகளாக, ஒவ்வொன்றும் 2 மைக்ரானுக்குச் சற்று மேல், தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கின்றன. நாம் பார்ப்பது தனி இழையை இல்லை, அந்த வரிசையை. மென்தசையில் அதே ஆக்டினும் மயோசினும் இருந்தும் அந்த அணிவகுப்பு இல்லை. அதனால் வரியும் இல்லை.

ஒன்பதாம் படி: எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைப் படியுங்கள்

கருப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்ததும் மூலையில் உள்ள அளவுக் கோட்டைப் பாருங்கள். 1 மைக்ரானா, 100 நானோமீட்டரா என்று தெரியாமல் அந்தப் படத்தில் எதற்கும் பெயர் சொல்ல முடியாது. பிறகு உட்கருவைப் பிடியுங்கள். அதன் இரு முனைகளிலும் ஒரு சின்னக் கூம்புப் பகுதியில் மைட்டோகாண்ட்ரியா, கோல்கி உறுப்பு, சொரசொரப்பான எண்டோபிளாச வலை, கிளைகோஜன் துகள்கள் எல்லாம் கூடியிருக்கும். மீதி சைட்டோபிளாசத்தை இழைகளே நிரப்பியிருக்கும். ஒளி நுண்ணோக்கியில் நாம் கண்ட அந்தச் சீரான இளஞ்சிவப்பு, இந்த இழைக்காடுதான்.

இழைகளுக்கு நடுவில் கருமையான திட்டுகள் சிதறிக் கிடக்கும். இவை அடர்திட்டுகள். ஆல்ஃபா ஆக்டினின் என்ற புரதம் இவற்றில் உண்டு. எலும்புத் தசையில் ஆக்டின் இழைகள் நங்கூரமிடும் இசட் கோட்டிலும் அதே புரதம்தான், வேலையும் அதேதான். சில அடர்திட்டுகள் சைட்டோபிளாசத்தில் மிதப்பது போலத் தெரியும், சில செல்சவ்வின் உட்புறம் ஒட்டியிருக்கும். டெஸ்மின், விமெண்டின் ஆகிய இடைநிலை இழைகள் இவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வலையாக்குகின்றன. இரத்தக்குழாய்த் தசையில் விமெண்டினின் பங்கு அதிகம்.

தடித்த மயோசின் இழைகள் எண்ணிக்கையில் குறைவு. முதுகெலும்பிகளின் எலும்புத் தசையில் ஒரு மயோசின் இழைக்கு இரண்டு ஆக்டின் இழை என்ற கணக்கு. மென்தசையில் ஒன்றுக்குப் பத்து, பதினைந்து என்று ஆக்டின் மிகுந்திருக்கும். மயோசின் இழைகள் பதப்படுத்தும்போது எளிதில் கலைந்துபோகும். ஆரம்ப கால எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அவை காணாமல் போனதால், மென்தசையில் தடித்த இழை உண்டா என்றே விவாதம் நடந்தது.

இப்போது திருகிய உட்கருவுக்கு வருவோம். இழைகள் செல்லின் அச்சுக்கு இணையாக இல்லாமல் சாய்வாக, அடர்திட்டிலிருந்து அடர்திட்டுக்கும், சவ்வில் ஒட்டிய திட்டுக்கும் ஓடுகின்றன. அவை இழுக்கும்போது சவ்வு அந்தந்த ஒட்டுமிடத்தில் உள்ளே இழுபட்டு, நடுவில் புடைக்கிறது. செல் நீளம் குறைந்து பருக்கிறது. உள்ளே இருக்கும் நீண்ட உட்கருவுக்கு நீட்டிப் படுக்க இடம் போதாமல் அது திருகிக்கொள்கிறது. 40 மடங்கில் தெரிந்த அந்தச் சின்ன நெளிவு, தனித்தனியே தெரியாத இழைகளின் சாய்வுக்குக் கிடைத்த மறைமுகச் சாட்சி. எனக்கு இந்த ஸ்லைடில் பிடித்த விஷயமும் இதுதான்.

சுருக்கத்தைத் தொடங்கி வைப்பது கால்சியம். எலும்புத் தசையில் அது ட்ரோபோனின் புரதத்தில் போய் ஒட்டும். மென்தசையில் ட்ரோபோனின் இல்லை. இங்கே கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியை இயக்க, அது மயோசினில் பாஸ்பேட்டை ஏற்றிய பிறகே மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கும். இத்தனை படி இருப்பதால் சுருக்கம் மெதுவாக வரும்.

செல்சவ்வின் ஓரத்தைப் பாருங்கள். 50 முதல் 100 நானோமீட்டர் அளவில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும். கேவியோலா என்று பெயர். எலும்புத் தசையில் உள்ள குறுக்குக் குழாய்கள் மென்தசையில் கிடையாது. கால்சியத்தின் போக்குவரவோடு தொடர்புடைய வேலைகள் இந்தக் குழிகளின் பக்கத்தில் நடக்கின்றன. சவ்வில் ஒட்டிய அடர்திட்டு உள்ள இடத்தில் கேவியோலா இருக்காது, இரண்டும் மாறி மாறி வரும்.

செல்லைச் சுற்றி மெல்லிய புறப்படலம் ஒன்று உண்டு. பாஸ் (PAS, பீரியாடிக் அமிலம்-ஷிஃப்) சாயத்தில் அதை ஒளி நுண்ணோக்கியிலும் ஓரளவு காணலாம், செல்லின் எல்லை மங்கலாக இருக்கிறதே என்று தவித்தவர்களுக்கு அது உதவும். அந்தப் படலம் விட்டுப்போன இடத்தில் இரண்டு செல்களின் சவ்வுகள் 2, 3 நானோமீட்டர் இடைவெளிக்கு நெருங்கி வந்தால், அது இடைவெளிச் சந்திப்பு. குடலிலும் கருப்பையிலும் மின்தூண்டல் செல்லிலிருந்து செல்லுக்குத் தாவுவது இதன் வழியே. கண்ணின் பாவைத் தசைகளில் இவை அரிது. அங்கே செல்கள் பெரும்பாலும் நரம்பிலிருந்து தனித்தனியே உத்தரவு வாங்குகின்றன.

பத்தாம் படி: ஸ்லைடின் பொய்களும் நோட்டில் வரைவதும்

பதப்படுத்தும் திரவம் படும்போது உயிருள்ள தசை சுருங்கும். அதனால் சில இடங்களில் அடர்ந்த இளஞ்சிவப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். அவற்றை வரிகள் என்று எண்ணிவிடாதீர்கள். எலும்புத் தசையின் வரி ஒவ்வொரு நாரிலும் நெருக்கமாக, சீரான இடைவெளியில் வரும். இவை பல செல்களைத் தாண்டி, ஒழுங்கில்லாமல் வரும். கற்றைகளுக்கு நடுவே தெரியும் வெள்ளைப் பிளவுகள் திசு சுருங்கியதால் ஆனவை. சாய்வாக வெட்டுப்பட்ட இடத்தில் வட்டமும் இல்லாமல் நீளமும் இல்லாமல் முட்டை வடிவங்கள் தெரியும், அவை புதிய வகைச் செல் இல்லை.

வரையும்போது பார்த்ததை மட்டும் வரையுங்கள். நீள்வெட்டில் ஆறேழு உட்கருக்கள் முன்பின்னாக, எல்லைக்கோடு மங்கலாக. குறுக்குவெட்டில் பெரிதும் சிறிதுமாக வட்டங்கள், எட்டுக்கு ஒன்றில் உட்கரு. பக்கத்தில் லென்ஸின் பெருக்கமும், சாயமும், எந்த அடுக்கு என்பதும். எலக்ட்ரான் நுண்ணோக்கி விவரங்களுக்குத் தனியாக இன்னொரு படம்.

சிறுகுடல் கைவந்ததும் தமனிக்குப் போகலாம். அங்கே நடு அடுக்கில் தசைச் செல்கள் வட்டமாகச் சுற்றியிருக்கும். அந்த அடுக்கில் ஃபைப்ரோபிளாஸ்டுகளைத் தேட வேண்டாம். கொலாஜனையும் எலாஸ்டினையும் தசைச் செல்லே சுரக்கிறது. அடுத்து சிறுநீர்ப்பை. கருப்பையைக் கடைசியாக வையுங்கள். ஒரே பார்வைப்புலத்தில் நீள்வெட்டு, குறுக்குவெட்டு, சாய்வெட்டு மூன்றும் கலந்து கிடக்கும். ஒவ்வொரு கற்றையாகக் காட்டி இது இன்ன வெட்டு என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பழகுங்கள்.